சாகாத வீரருக்கு நடுகல் இல்லையா?

வீரமரணம் என்ற சொல் நம் செய்தித்தாள்களில் வீரம் என்ற சொல்லை ஏறத்தாழ விழுங்கிவிட்டது. எல்லையில் சுடப்பட்டு இறந்தாலும் வீரமரணம், பனிச்சரிவில் புதைந்தாலும் வீரமரணம், ராணுவ வண்டி பள்ளத்தில் உருண்டாலும் வீரமரணம். இறந்தவர் மீதுள்ள மரியாதையில் எழுதுகிறார்கள். அந்த மரியாதையில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிய காதுக்கு, இறக்காதவரின் வீரம் வீரமாகவே படுவதில்லை. போர் வீரன் என்றதும் நம் மனத்தில் வருவது ஒரே உருவம்தான். காலாட்படை அதிகாரி, கையில் துப்பாக்கி, பின்னால் தன் ஆட்கள், முன்னால் ஓடி மார்பில் குண்டேந்தி விழுகிறார். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பகுதியில் விழுந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1999 மே 29 அன்று கார்கில் போரின் படாலிக் பகுதியில் விழுந்த மேஜர் மாரியப்பன் சரவணன், 2014இல் ஷோபியானில் விழுந்த மேஜர் முகுந்த் வரதராஜன் என்று தமிழ்நாடு மனப்பாடமாக வைத்திருக்கும் பெயர்கள் எல்லாமே அந்த உருவத்தில் அடங்குகின்றன. மூவரும் போற்றத்தக்கவர்கள், அவர்களை ஒரு படி இறக்குவது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. அவர்களைச் சாக்கிட்டு நாம் உருவாக்கிக்கொண்ட அளவுகோலைத்தான் மறுக்கிறேன். போர்க்களத்தில் ஓர் அதிகாரி காட்டும் வீரத்துக்கு மரணம் நிபந்தனை அல்ல. அதற்குச் சான்றும் அல்ல. இதைச் சொல்ல வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்திலேயே அப்படி ஒருவர் இருந்தார்.

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் என்றால் சேலம், நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் மோகன் குமாரமங்கலம். இந்திரா காந்தி அமைச்சரவையில் எஃகுத் துறையைப் பார்த்தவர், 1973 விமான விபத்தில் இறந்தவர். அடுத்து அவருடைய மகன் ரங்கராஜன், சேலத்தின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அரசியல் தெரிந்தவர்கள் சகோதரி பார்வதி கிருஷ்ணனையும், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த தந்தை ப. சுப்பராயனையும் சொல்வார்கள். மோகனின் மூத்த சகோதரர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலத்தைச் சொல்பவர்கள் குறைவு. சொல்பவர்களும் ‘ராணுவத் தளபதியாக இருந்தவர்’ என்று பதவியைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். 1966 ஜூன் முதல் 1969 ஜூன் வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தார் என்பதும், தமிழ்நாட்டிலிருந்து அந்த இடத்துக்கு முதலில் போனவர் என்பதும் உண்மை. ஆனால் பதவி வீரத்துக்குச் சான்றாகாது. அவர் 1942இல், மேஜராக, லிபியப் பாலைவனத்தில் பீரங்கிகளின் தொகுதியான ஒரு பேட்டரியை நடத்திய காலைப்பொழுதுதான் நம் பேச்சுக்கு உரியது. அந்தச் சண்டைக்காக அவருக்கு டி.எஸ்.ஓ. என்ற உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. அந்தச் சண்டை முழுத் தோல்வியில் முடிந்தது. அவர் சிறைப்பட்டார். நம் அளவுகோலில் அவர் எங்கும் நிற்க மாட்டார்: காலாட்படை இல்லை, வெற்றி இல்லை, மரணம் இல்லை.

முதலில் காலாட்படை என்ற நிபந்தனையை எடுத்துக்கொள்வோம். 1857 எழுச்சிக்குப் பின் ஆங்கிலேயர் எடுத்த முக்கியமான ராணுவ முடிவுகளில் ஒன்று, மலைப்பீரங்கிப் பேட்டரிகள் தவிர வேறு பீரங்கிகளை இந்தியர் கையில் கொடுப்பதில்லை என்பது. துப்பாக்கியைக் கொடுக்கலாம், குதிரையைக் கொடுக்கலாம், பீரங்கி வெள்ளையனிடமே இருக்கட்டும் என்பதுதான் கணக்கு. காலாட்படை வீரனின் துணிச்சலைப் பாராட்டிப் பதக்கம் குத்திய அதே ஆட்சி, போரின் முடிவைத் தீர்மானிக்கும் கருவியை அவனிடமிருந்து முக்கால் நூற்றாண்டு விலக்கி வைத்தது. 1935 ஜனவரியில் பெங்களூரில்தான் இந்தியர்களைக் கொண்ட முதல் களப் பீரங்கிப் படை தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் வுல்விச் ராணுவக் கல்லூரியில் பயின்று 1933இல் அதிகாரியான குமாரமங்கலம், பீரங்கிப் படைக்கு வந்த முதல் சில இந்திய அதிகாரிகளுள் ஒருவர். ஆகவே 1942இல் ஒரு தமிழர் இருபத்தைந்து பவுண்டர் பீரங்கிகளின் பேட்டரிக்குத் தலைவராக நிற்பது சாதாரணச் செய்தி அல்ல. தூரத்தில் நின்று குண்டு போடுகிறவனுக்கு என்ன வீரம் என்று கேட்பவர்களுக்கு இந்த வரலாறு தெரியாது. கொல்லிமலை ஓரியையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள். வல்வில் ஓரி வாள் வீச்சில் பேர் வாங்கியவன் அல்ல; ஒரே அம்பில் பல விலங்குகளைத் துளைத்தவன் என்று வன்பரணர் பாடியதால் பேர் பெற்ற வில்லாளி. தூரத்திலிருந்து எய்பவனை வீரன் என்று ஏற்க இந்த மண்ணுக்கு எப்போதும் தடை இருந்ததில்லை.

அந்தக் களத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 1942 மே மாதக் கடைசியில் பிரிட்டிஷ் எட்டாவது படை, கடற்கரை ஓரத்துக் கசாலாவிலிருந்து தெற்கே பாலைவனத்துக்குள் கண்ணிவெடி வயல்களையும் அரண்களையும் இட்டு ஜெர்மன் தளபதி ரோமலுக்காகக் காத்திருந்தது. தென்கோடி அரண் பீர் ஹக்கைம். அதைத் தளபதி கேனிக் தலைமையில் சுதந்திர பிரெஞ்சுப் படை பிடித்திருந்தது. அதற்குத் தென்கிழக்கே சுமார் ஆறு கிலோமீட்டரில் ஒரு மேடு. அதற்குப் பெயர்கூட இல்லை. வரைபடத்தில் 171 என்று உயரக் குறி மட்டும் இருந்தது. மூன்றாவது இந்திய மோட்டார் பிரிகேடு அங்கு வந்து சேர்ந்தது தாக்குதலுக்கு ஒன்றிரண்டு நாள் முன்புதான். இந்தப் பிரிகேடு ஏற்கெனவே 1941 ஏப்ரலில் மெக்கிலி என்ற இடத்தில் அடிபட்டுச் சிதறி, மறுபடியும் சேர்க்கப்பட்டது. மூன்று குதிரைப்படை வழிவந்த ரெஜிமெண்டுகள் இருந்தன. குதிரைக்குப் பதில் லாரிகள். அவற்றோடு இரண்டாவது இந்தியக் களப் பீரங்கி ரெஜிமெண்டு. பள்ளம் வெட்டி முடிக்கவில்லை, கண்ணிவெடி வயல் முழுமையாகவில்லை. மே 26 இரவு ரோமல் தன் கவசப் படைகளையெல்லாம் திரட்டிக்கொண்டு பீர் ஹக்கைமைத் தெற்கே சுற்றி வந்தார். 27ஆம் தேதி விடிந்தபோது அந்த வழியில் முதலில் குறுக்கே நின்றது 171. ஒரு முழு ஜெர்மன் கவச டிவிஷன் தன் முன்னே நிற்பதாகப் பிரிகேடின் தலைவர் பிரிகேடியர் பிலோஸ் தகவல் அனுப்பினார். உண்மையில் வந்தது இத்தாலியின் அரியெத்தே டிவிஷன். எந்த நாட்டு டாங்கி என்பது பள்ளத்தில் கிடந்தவனுக்குப் பெரிய வித்தியாசமில்லை. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொல்லப்பட்டோரும் காயமுற்றோரும் சுமார் 440 பேர். சிறைப்பட்டோர் சுமார் ஆயிரம் பேர். எழுபது வயதைத் தாண்டியும் போர் பார்க்க வேண்டும் என்று வந்து பிரிகேடோடு ஒட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி வால்டர் கோவனும் அங்கேதான் பிடிபட்டார்.

இருபத்தைந்து பவுண்டர் பீரங்கி ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம் குண்டு எறியக் கூடியது. வழக்கமாக அதைச் சுடுபவர்கள் எதிரியைப் பார்ப்பதே இல்லை. முன்னால் இருக்கும் ஓர் அதிகாரி பார்த்துச் சொல்வார், பின்னால் கணக்குப் போட்டுச் சுடுவார்கள். டாங்கி நேராகப் பீரங்கியை நோக்கி வரும்போது இந்த ஏற்பாடு முழுக்கக் கலைந்துபோகிறது. பீரங்கியைத் தாழ்த்தி, குழாயின் நேர்ப்பார்வையில் குறி வைத்து, கவசம் துளைக்கும் திடக் குண்டை ஏற்ற வேண்டும். தொலைவில் சுட்டால் குண்டு வீண், இடமும் காட்டிக் கொடுக்கப்படும். சில நூறு மீட்டருக்குள் வரும்வரை விட வேண்டும். வருகிற டாங்கி அதற்குள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே வரும். பீரங்கியைச் சுற்றி ஆறு பேர். அவர்களை மறைக்க ஒரு சிறிய இரும்புத் தகடு. ஒருவர் விழுந்தால் அடுத்தவர் அவர் வேலையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த நேரத்தில் பேட்டரித் தலைவரின் வேலை முன்னால் ஓடுவது அல்ல. யாரையும் ஓட விடாமல் இருப்பது, முந்திச் சுட விடாமல் இருப்பது, குண்டு தீர்ந்த பீரங்கிக்கு அடுத்ததிலிருந்து கொண்டுவரச் சொல்வது, எந்த டாங்கியை எது அடிக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது. காலாட்படைத் தாக்குதலில் உடம்புக்கு ஓட ஒரு திசை கிடைக்கிறது. இங்கே உடம்பை அதே இடத்தில் பிடித்து வைத்துக்கொண்டு தொழிலைச் சரியாகச் செய்ய வேண்டும். இரண்டில் எது கடினம் என்று பந்தயம் கட்ட நான் வரவில்லை. ஆனால் இரண்டாவதைப் படமெடுக்க முடியாது என்பதாலேயே அதை நாம் வீரக் கணக்கில் சேர்க்காமல் விட்டோம் என்று நினைக்கிறேன். ஏழாவது பேட்டரியை அந்தக் காலையில் நடத்தியதற்குத்தான் குமாரமங்கலத்துக்கு அந்தப் பதக்கம். எத்தனை டாங்கிகளை அடித்தார்கள் என்ற எண்ணிக்கையில் நான் இறங்கப்போவதில்லை. தோற்றவன் கூட்டியும் வென்றவன் குறைத்தும் சொல்லும் கணக்கு அது.

சரி, தோற்றார்களே, பிடிபட்டாரே என்பது அடுத்த மறுப்பு. இதுதான் நம்மவர்களின் அடிமனத்தில் இருப்பது. வேர் ஆழமானது. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழனிடம் தோற்றுச் சிறைப்பட்டு, தண்ணீர் கேட்டுக் காவலர் தாமதித்துக் கொடுத்ததால் அதைக் குடிக்காமல் உயிர் விட்டான் என்று புறநானூற்றுக் குறிப்பு சொல்கிறது. மார்பில் புகுந்து முதுகில் வெளியேறிய வேலால் வந்த புண்ணுக்கே நாணி, சேரமான் பெருஞ்சேரலாதன் வெண்ணிக் களத்தில் வடக்கிருந்தான். இந்த இரண்டு கதைகளையும் பள்ளியில் படித்த சமூகத்துக்கு, சிறைப்பட்டு உயிரோடு திரும்பி, பணியாற்றி, முதுமையில் இறந்த ஒருவரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் அதே புறநானூற்றில் வெண்ணிக் குயத்தியார் என்ற பெண் புலவர், வென்ற கரிகாலனிடமே, உன்னைவிடத் தோற்றவன் நல்லவன் என்ற பொருள்பட முகத்துக்கு நேரே பாடியிருக்கிறார். வெற்றி வேறு, வீரம் வேறு என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே பிரித்துப் பார்த்த மொழி இது. நம் மாவட்டங்களும் அதை நடைமுறையில் ஏற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. ஓரி மலையமான் காரியிடம் தோற்று உயிரையும் இழந்தான், கொல்லிமலை சேரனுக்குப் போனது. ஆனாலும் ஆடி மாதம் செம்மேட்டில் அவனுக்கு விழா. தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரி மலைக்கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். ஆடிப் பெருக்கன்று அவருக்கும் மாலை. தோல்வியை மன்னிக்க நமக்கு ஒரு சிரமமும் இல்லை. தோற்ற பிறகும் உயிரோடு இருப்பதைத்தான் நாம் மன்னிப்பதில்லை.

இந்த மனநிலை எவ்வளவு அபத்தமானது என்பதற்கு மேஜர் தன்சிங் தாபாவின் கதை போதும். அவர் கூர்க்கா ரெஜிமெண்டைச் சேர்ந்த அசல் காலாட்படை அதிகாரி. 1962 அக்டோபர் 20 அன்று லடாக்கின் பாங்காங் ஏரிக் கரையில், சிரிஜாப் நிலையில், சீனப் படையின் தாக்குதலைத் தன் சிறு குழுவோடு தடுத்துப் போரிட்டார். நிலை விழுந்தது. அவர் இறந்துவிட்டார் என்று எண்ணி, மறைவுக்குப் பின் வழங்கப்படுவதாக அவருக்குப் பரம்வீர் சக்கரம் அறிவித்தார்கள். பிறகுதான் அவர் சீனர்களிடம் கைதியாக உயிரோடு இருப்பது தெரிந்தது. திரும்பி வந்தார். பதக்கம் அப்படியே இருந்தது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த நிமிடத்தில் சிரிஜாப்பில் அவர் செய்தது கொஞ்சமாவது குறைந்துவிட்டதா? ‘மறைவுக்குப் பின்’ என்ற சொற்கள் மட்டும்தான் அடிபட்டன. எந்த வீரப் பதக்கத்தின் பாராட்டுரையை எடுத்துப் படித்தாலும் இதே உண்மைதான் தெரியும். அது ஒருவர் உயிரோடு இருந்தபோது செய்தவற்றின் பட்டியல். பரமேஸ்வரன் பதுங்கித் தாக்கியவர்களிடமிருந்து விலகி ஓடாமல் பின்பக்கமாகச் சுற்றி அவர்கள் மேல் பாய்ந்தார். மார்பில் சுடப்பட்டும், சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டார். விழுந்த பின்னும் தன் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்தார். அவர் பிழைத்திருந்தாலும் இந்தப் பட்டியலில் ஓர் எழுத்து மாறியிருக்காது. இதுவரை 21 பேருக்குப் பரம்வீர் சக்கரம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் 7 பேர் அதை உயிரோடு பெற்றவர்கள். அந்த ஏழு பேரின் பெயரை நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவருக்கு என்ன வீரம் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. லேசாகத் தள்ள முடியாது. 1942 என்ற ஆண்டைக் கவனியுங்கள். பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, அங்கே சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களிலிருந்தும் மலாயாத் தமிழர்களிலிருந்தும் இந்திய தேசிய ராணுவம் எழுந்தது. ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியர்களிலேயே ஒரு பகுதியினர் ஜெர்மனியில் சுபாஷ் சந்திர போஸ் திரட்டிய படையில் சேர்ந்தார்கள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையத்தில் 1925இலேயே ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கியிருந்தார். உப்புச் சத்தியாகிரகத்துக்குப் பாட்டு எழுதியவர் நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை. சுற்றிலும் காந்தியம் காற்றாக இருந்த ஊரிலிருந்து ஒருவர் ஆங்கில மன்னரின் கமிஷனோடு பாலைவனத்தில் நின்றது பலருக்கு உறுத்துவது இயல்பு. ஆனால் இந்த உறுத்தலை அந்தக் குடும்பத்துக்குள்ளேயே வைத்துப் பார்க்க வேண்டும். தம்பி மோகன் கம்யூனிஸ்ட். போரை எதிர்த்ததற்காக 1940–41இன் சென்னைச் சதி வழக்கில் சிறைக்குப் போனவர். ஜெர்மனி சோவியத்தைத் தாக்கிய பின் அவருடைய கட்சியே நிலை மாறி, இது பாசிசத்துக்கு எதிரான மக்கள் யுத்தம் என்றது. ஆக 1942 மே மாதத்தில் அண்ணன் எதிர்த்து நின்ற எதிரியை, தம்பியின் கட்சியும் எதிரி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. முசோலினியின் டாங்கிகளைத் தடுத்தது பிரிட்டிஷ் பேரரசுக்கு உதவியது என்பதும் உண்மை, பாசிசத்துக்குக் குறுக்கே நின்றது என்பதும் உண்மை. போஸின் படையில் சேர்ந்தவர்களின் துணிவையும் இது குறைக்காது. ஒரு போரின் அரசியல் நியாயத்தை அதைத் தொடங்கியவர்களிடம் கேட்க வேண்டும்; களத்தில் ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை அவரிடம் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் போட்டால், இலங்கையில் இந்திய அமைதிப்படையின் நுழைவைத் தவறென்று நினைக்கும் தமிழர், அந்தப் படையில் நின்று போரிட்ட பரமேஸ்வரனையும் மறுக்க வேண்டியிருக்கும். 1990இல் அந்தப் படை சென்னைக்குத் திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த அரசியல் நிலைப்பாட்டில் நியாயம் இருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணப் பகுதியின் கந்தரோடையில், இருட்டில், பரமேஸ்வரன் செய்ததை அது தொடவே இல்லை.

ஜமீன் வீட்டுப் பிள்ளை, ஈட்டன் பள்ளி, வுல்விச். பதக்கமும் அதற்கேற்ப வந்தது என்று சொல்வார்கள். பாதி சரி. அந்தக் காலத்தில் மன்னர் கமிஷன் பெற ஒரு சாதாரண உழவர் வீட்டுப் பையனுக்கு வழியே கிடையாது. அவர் 171க்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதைக் குடும்பம் விளக்குகிறது. அங்கே வந்தபின் என்ன செய்தார் என்பதை அது விளக்கவில்லை. அதே பள்ளிகளில் படித்த அவர் வகுப்பினர் பெரும்பாலும் வழக்கறிஞராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆகிப் பாதுகாப்பாக இருந்தார்கள். இந்த மறுப்பின் மறுபாதியை நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். டி.எஸ்.ஓ. விதிப்படி அதிகாரிகளுக்கு மட்டுமே உரியது. பீரங்கிக்குப் பின்னால் குண்டு ஏற்றிய ஆறு பேருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. ஒரு பேட்டரித் தலைவரின் பதக்கம் பாதிக்கு மேல் அவர்களுடையது. அப்படியானால் செய்ய வேண்டியது, தலைவரின் பெயரை அழிப்பதல்ல, அந்த ஆறு பேரின் பெயரைத் தேடுவது. நம் வீரமரணக் கலாசாரம் அதையும் செய்வதில்லை. அதிகாரி விழுந்தால் படம் எடுக்கிறோம். கூட நின்று பிழைத்த ஹவில்தாரைப் பற்றி ஒரு பத்தி கிடையாது.

தோல்வியை மூடி மறைக்கவே பதக்கங்கள் கொடுக்கப்படுகின்றன என்ற சந்தேகத்துக்கும் அடிப்படை உண்டு. 1942 கோடையில் பிரிட்டிஷாருக்கு அடி மேல் அடி. ஜூன் 21இல் லிபியாவின் தொப்ருக் விழுந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். இந்தியாவில் ஆள் சேர்க்க இந்திய வீரர்களின் கதை தேவைப்பட்டது. இதையெல்லாம் ஒப்புக்கொண்டு சொல்கிறேன்: பள்ளம் வெட்டாத மேட்டில், இரண்டு நாள் அவகாசத்தில், டாங்கிகள் வரும் வழியில் லாரிப் படையை நிறுத்தியது யார்? தோல்விக்குப் பொறுப்பு அந்தத் திட்டத்தைப் போட்டவர்களுடையது. பேட்டரித் தலைவருக்கு அந்தத் தேர்வு இல்லை. தன் பீரங்கிகளை எப்படி நடத்துவது என்ற தேர்வு மட்டும் இருந்தது. அதே நேரத்தில், வடமேற்கே ஆறு கிலோமீட்டரில் பிரெஞ்சுக்காரர்கள் பல மாதம் உழைத்துக் கட்டிய அரணுக்குள்ளிருந்து அதே அரியெத்தே டிவிஷனை அன்று காலையே விரட்டியடித்தார்கள். ஜூன் 10 இரவு வரை தாக்குப்பிடித்தார்கள். இன்று பாரீஸில் ஒரு மெட்ரோ நிலையத்துக்கும் பாலத்துக்கும் பெயர் பீர் ஹக்கைம். 171 இன்னமும் எண்தான். அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே இருந்த வேறுபாட்டில் பெரும்பகுதி கண்ணிவெடியும் கால அவகாசமும். துணிவில் வேறுபாடு இருந்ததாக எந்தச் சான்றும் இல்லை.

சிறைப்பட்ட பின் நடந்ததையும் சேர்த்துப் பார்க்காமல் ஒருவரின் போர்க்கால வீரத்தை எடை போட முடியாது. 171இல் பிடிபட்டவர்களில் சுமார் 600 பேரைத் தண்ணீர் தர வழியில்லாமல் எதிரிகள் பாலைவனத்திலேயே விட்டுவிட்டார்கள். அவர்கள் நடந்து பிரெஞ்சு அரணைச் சேர்ந்தார்கள். அதிகாரிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. குமாரமங்கலம் இத்தாலிய முகாமுக்குப் போனார்; பின்னாளில் பாகிஸ்தான் அதிபரான யாகியா கானும் அந்தச் சிறை வாழ்க்கையைப் பகிர்ந்தவர். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் குமாரமங்கலம் தப்பினார், கிராமத்து இத்தாலியர்களின் உதவியோடு மறைந்து திரிந்தார், 1944 ஜனவரியில் மறுபடி பிடிபட்டார், ஜெர்மனியின் ஸ்டாலாக் லுஃப்ட் மூன்று என்ற கடுங்காவல் முகாமுக்கு அனுப்பப்பட்டார். கைதியாகச் சும்மா இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பிடிபட்டதை வெட்கமாக எண்ணித் தண்ணீரை மறுத்த சேரமானின் வழி ஒன்று. பிடிபட்டதைப் போரின் ஒரு பகுதியாக எண்ணி, கதவு திறந்ததும் நடக்கத் தொடங்கியவரின் வழி இன்னொன்று. முதலாவதற்கு நம் இலக்கியத்தில் இடம் உண்டு. இரண்டாவதற்கும் கொடுக்கலாம்.

பின்னாளில் அவர் தலைமைத் தளபதியானதையும், அவர் காலத்தில், 1967 செப்டம்பரில், சிக்கிம் எல்லையின் நாது லாவில் இந்தியப் பீரங்கிகள் சீனப் படைக்குப் பதில் சொன்னதையும் காட்டி 171ஐ நியாயப்படுத்தும் ஆசை எழலாம். அதைச் செய்ய மாட்டேன். நாது லாவின் பெருமை அங்கே களத்தில் நின்றவர்களுக்கும், அவர்களை நடத்திய சகத் சிங்குக்கும் உரியது. மேலும், பிற்கால வெற்றியைக் கொண்டு முற்காலத் தோல்விக்கு மதிப்பெண் போட்டால், வெற்றிதான் வீரத்தின் அளவு என்ற பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம். 1942 மே 27 காலை அவர் இறந்திருந்தால் என்ன மதிப்போ, 2000 மார்ச்சில் எண்பத்தாறு வயதில் இறந்தபோதும் அதே மதிப்புதான்.

நம் பகுதி வீரர்களின் நிலம் அல்ல, விவசாயமும் விசைத்தறியும் லாரியும் கோழிப்பண்ணையும் போர்வெல் ரிக்கும்தான் நம் தொழில் என்று பெருமையாகவே சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. தென்னகத்தார் போர்க்குடி அல்ல என்று ஆங்கிலேயத் தளபதி லார்டு ராபர்ட்ஸ் காலத்தில் கிளப்பிவிடப்பட்ட கதையின் எச்சம் அது. அந்தக் கதையை நம்பித்தான் மதராஸ் காலாட்படைப் பட்டாளங்களை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் மறுபடி எழுப்பினார்கள். ரிக் வண்டியோடு நாட்டின் எந்த மூலைக்கும் போய், பாறையில் துளை இறங்காத இரவிலும் இயந்திரத்தை விட்டு நகராமல் நிற்கும் திருச்செங்கோட்டுக்காரருக்கு, பீரங்கியை விட்டு நகராமல் நின்ற பேட்டரியைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்கக் கூடாது. டாங்கி வராது என்பது மட்டும்தான் வித்தியாசம். அது சிறிய வித்தியாசம் அல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

அப்படியானால் குமாரமங்கலத்துக்கும் ஒரு சிலை வைக்கச் சொல்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. சேலம் மாவட்டத்தில் சிலைகளுக்குக் குறைவில்லை. நான் கேட்பது கணக்கை மாற்றி எழுதுவதை. பரமேஸ்வரனைச் சொல்லும்போது அவர் இறந்ததிலிருந்து தொடங்காமல், திரும்பிப் பாய்ந்ததிலிருந்து தொடங்குங்கள். சரவணனைச் சொல்லும்போது அவர் உடல் ஒரு மாதத்துக்கும் மேல் மலையில் கிடந்த கதையை மட்டும் சொல்லாமல், மலையேறி என்ன செய்தார் என்பதைச் சொல்லுங்கள். பிழைத்து வந்தவர்களிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். போர் முடிந்து ஊர் திரும்பி, ஏடிஎம் வாசலிலோ ஆலைக் கேட்டிலோ காவலுக்கு நிற்கும் முன்னாள் ராணுவத்தார் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். ‘எந்த ரெஜிமெண்டு, எந்த வருஷம், அன்று நீங்கள் நின்ற இடம் எது’ என்று அவர்களிடம் இதுவரை கேட்டவர் எத்தனை பேர்?